பக்கத்து சீட்டில் அறுபத்தெட்டு கிலோ

1

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கண்டுபிடித்துக் கேட்டால் முழிக்க வேண்டியிருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை என் ஸ்கூட்டரின் பின்சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. தள்ளிக்கொண்டு போய் ஒரு பட்டறையில் விட்டேன். அரை மணி ஆகும், உட்காருங்கள் என்று ஒரு பழைய டயரைக் காட்டினார்கள். உட்கார்ந்தேன். உட்கார்ந்தவளுக்குக் காது மட்டும் சும்மா இருக்குமா? உள்ளே, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கிற குழிக்கு மேல் ஒரு பழைய கார் நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு பெண்மணி. குழிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது:

"பக்கத்து சீட்டுல வழக்கமா யாருக்கா உட்காருவாங்க?"

பட்டறையில் கேட்கிற கேள்வியா இது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பெண்மணிக்குச் சிரிப்பு வரவில்லை. பதிலும் வரவில்லை. பதில் வராத அந்த இடத்தில்தான் கதை பிறந்தது. ஒட்டுக்கேட்டது தப்புதான். ஆனால் ஒட்டுக்கேட்காமல் கதை எழுதியவர்களின் பட்டியல் ஒன்று கொடுங்கள், நான் திருந்திக்கொள்கிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "அந்தக் கார் வருத்தத்தில் இருந்தது."

(கார் வருத்தப்படாது. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது முயற்சி: "யோசித்துப் பார்த்தால், மனித வாழ்க்கையும் ஒரு ஷாக் அப்சார்பர் போலத்தான். எத்தனை பள்ளம், எத்தனை மேடு…"

(இதை எழுதியதும் எனக்கே எழுந்து போய்த் தண்ணீர் குடிக்க வேண்டும்போல் இருந்தது. பேனா பிடிக்கிறவர்கள் எல்லாருக்கும் எப்போதாவது வருகிற வியாதி. ஒரு பாராவோடு நின்றுவிட்டால் ஆபத்தில்லை.)

மூன்றாவது: "முப்பத்தெட்டு வயதான வெளிர்மஞ்சள் கார் ஒன்று, இடது பக்கம் சாய்ந்தபடி பட்டறைக்குள் நுழைந்தது."

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம். உருண்டை விளக்குகள், பளபளக்கும் பம்பர், கையால் சுற்றி இறக்குகிற ஜன்னல். தெருவில் அதற்கு முட்டை என்று பெயர். ஓட்டி வந்தவருக்கு ஐம்பத்தாறு வயது. ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் இருபத்தொன்பது வருடமாக வேலை. அவர் ஊசி குத்தினால் வலிக்கவே வலிக்காது என்று ஊரெல்லாம் பேச்சு. வாயைத் திறந்தால்தான் வலிக்கும்.

இவருக்குப் பெயர் வைக்கப் பார்த்தேன். நாலைந்து பெயர்களை எழுதி எழுதி அடித்தேன். எதற்கும் அவர் திரும்பிப் பார்ப்பதாயில்லை. அண்ணி என்று எழுதியதும் 'என்ன?' என்று திரும்பினார். ஆகவே அண்ணி. யாருக்கு அண்ணி என்று உடனே கேட்காதீர்கள். கதையில் ஒரு நாத்தனார் வருவாள்.

நாத்தனார் என்றதும் உங்கள் முகம் போகிற போக்கு எனக்குத் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

3

பட்டறைக்காரருக்கு ரசமட்டம் என்று பட்டப்பெயர்.* அண்ணி வண்டியை விட்டு இறங்கியதுமே அவரிடம் சொல்லிவிட்டார்:

"ஷாக் போயிடுச்சு. நாலையும் மாத்திடுங்க. வண்டி இடது பக்கம் சாயுது. அதுவும் சரியாயிடும்."

நோய்ப் பெயரைத் தாங்களே சொல்லிக்கொண்டு வருகிற நோயாளிகளை அண்ணிக்கு அறவே பிடிக்காது. பட்டறையில் தானும் அதையேதான் செய்கிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ரசமட்டம் பம்பரின் மூலையில் இரண்டு கைகளையும் ஊன்றி ஓர் அழுத்து அழுத்தி விட்டார். வண்டி இறங்கியது, ஏறியது, இறங்கியது, ஏறியது, மறுபடியும் இறங்கியது. அது ஓய்கிறவரை விரல்விட்டு எண்ணினார்.

"ஒரு தடவ ஏறி நின்னுடணும். இது அஞ்சு தடவ ஆடுது."

"அதான் சொன்னேனே."

"ஷாக் போனது நிஜம்தான். ஆனா வண்டி சாயுறதுக்கும் ஷாக்குக்கும் சம்பந்தம் இல்லக்கா. ஷாக் ஆட்டத்த நிறுத்தும், அவ்வளவுதான். வண்டியத் தூக்கி நிறுத்துறது ஸ்பிரிங்."

இருபத்தொன்பது வருடமாக மற்றவர்களுக்கு விளக்கம் சொல்லியே பழகிய அண்ணிக்கு இது புதிது. கைகளைக் கட்டிக்கொண்டார். ரசமட்டம் டேப்பை எடுத்து ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்தார். அளந்ததை அந்தந்தச் சக்கரத்துக்கு நேராகத் தரையில் சுண்ணக்கட்டியால் எழுதினார். முன் வலது முப்பத்தேழு. முன் இடது முப்பத்துநாலு. பின் இடது முப்பத்தாறு. பின் வலது முப்பத்தொன்பது.

"நாலுலயும் முப்பத்தெட்டு சென்டிமீட்டர் இருக்கணும்" என்றார். "மூணு இறங்கியிருக்கு, சரி. வயசானா இறங்கும். ஒண்ணு மட்டும் ஏன் ஏறியிருக்கு?"

"இடது பக்கம் பாரம் ஜாஸ்தி. அதனால இந்தப் பக்கம் தூக்கியிருக்கும்."

"என்ன பாரம்?"

"பக்கத்துல உட்கார்ந்து வந்தவங்க."

"எப்ப வந்தாங்க?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

ரசமட்டம் சீட்டை எட்டிப் பார்த்தார். காலியாக இருந்தது. பிறகு சக்கரத்தைப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார்.

"இறங்கிப் போயி ரெண்டு வருஷம் ஆனவங்க பாரமா இன்னும் இருக்கு?"

அண்ணிக்குச் சுருக்கென்றது. புது ஸ்பிரிங்குகள் எப்போது வரும் என்று மட்டும் கேட்டார். இரண்டு வாரம் என்றார் ரசமட்டம். இரண்டு வாரமும் அண்ணி அந்தச் சாய்ந்த வண்டியிலேயே, காலி சீட்டைப் பார்க்காமல் வேலைக்குப் போய் வந்தார்.

* கொத்தனார் சுவர் மட்டம் பார்க்கிற ரசமட்டம் ஒன்று எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். ஒரு நாள் விளையாட்டாக அதைத் தன் வீட்டு வாசற்படியில் வைத்துப் பார்த்தாராம். அன்றிலிருந்து அந்தப் படியில் அவர் கால் வைப்பதில்லை, தாண்டித்தான் போகிறார். வாசற்படி எனக்குக் கேள்விதான், பார்த்ததில்லை.

4

இனி நாத்தனார்.

நாத்தனார் நல்லவள். பொறுமைசாலி. அச்சகத்தில் பிழைதிருத்துகிறவள். எவ்வளவு பெரிய ஆள் எழுதினாலும் தயங்காமல் திருத்துவாள், ஆனால் அன்பாகத் திருத்துவாள். நல்ல களையான முகம், பேச்சில் ஒரு…

(சரி, சரி. போதும்.)

அச்சகமும் பரிசோதனைக்கூடமும் ஒரே சாலையில் இருந்தன. பதினோரு வருடம் இருவரும் ஒன்றாகத்தான் போனார்கள். நாத்தனார் வீடு எதிர்த்திசையில் ஒரு பேருந்து நிறுத்தம் தள்ளி இருந்தது. அண்ணி தினமும் காலையில் அந்த ஒரு நிறுத்தம் பின்னால் போய், அவளை ஏற்றிக்கொண்டு, தன் வீட்டையே மறுபடி தாண்டித்தான் வேலைக்குப் போவார். ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்ட அவருக்கு வேறு விஷயங்கள் இருந்தன.

சம்பவம் நடந்தது இரண்டு வருடத்துக்கு முன். அச்சகத்துக்குக் கொஞ்சம் முன்னால் புதிதாக ஒரு வேகத்தடை போட்டிருந்தார்கள். மெதுவாகத்தான் ஏறினார் அண்ணி. அப்படியும் வண்டியின் இடது அடிப்பக்கம் நறநறவென்று உரசியது.

"பாரு, உன் பக்கம்தான் உரசுது" என்றார் அண்ணி.

"அதுக்கு?"

"பதினோரு வருஷமா ஒரே பக்கம், ஒரே பாரம். ஸ்பிரிங் என்ன பண்ணும், பாவம்."

"ஸ்பிரிங் பாவமா?"

"பின்ன? அறுபத்தெட்டு கிலோன்னா சும்மாவா?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த அறுபத்தெட்டு என்பது அண்ணியின் ஊகம் இல்லை. அதற்கு முந்தின மாதம் நாத்தனார் முழு உடல் பரிசோதனைக்குப் போயிருந்தாள். எடை பார்க்கிற கருவியில் அவளை ஏற்றிக் குறித்துக்கொண்டவர் அண்ணிதான். 'யார்கிட்டயும் சொல்லாதீங்க அண்ணி' என்று இவள் கேட்டுக்கொண்டதும், 'நான் ஏண்டி சொல்றேன்' என்று அவர் சொன்னதும் அந்தக் கருவியின் முன்னால்தான்.

சிக்னலில் வண்டி நின்றது. நாத்தனார் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கதவை மெதுவாகச் சாத்தினாள். அறைந்து சாத்தியிருந்தால் இரண்டு நாளில் எல்லாம் சரியாகியிருக்கும். மெதுவாகச் சாத்தியதில்தான் அண்ணிக்கு விஷயம் புரிந்தது. 'ஏய், ஏறு' என்று சொல்ல வாயெடுத்தார். பச்சை விழுந்துவிட்டது, பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

அதன்பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவில் தபால்காரர் வேலை அண்ணனுக்கு, அதாவது அண்ணியின் கணவருக்கு வாய்த்தது. இங்கிருந்து புறப்படும்போது ஒன்றாக இருக்கும் பேச்சு, அங்கே போய்ச் சேரும்போது இன்னொன்றாக இருக்கும். 'சௌக்கியமான்னு கேட்டா' என்பதை அவர் 'உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டா' என்று கொண்டுபோய்க் கொடுத்தார். உடம்பு என்ற சொல்லைக் கேட்டதும் நாத்தனார் இன்னும் ஆறு மாதத்துக்குப் பேச்சை நிறுத்திவிட்டாள்.

5

செவ்வாய்க்கிழமை. ஸ்பிரிங்குகளும் ஷாக்குகளும் வந்துவிட்டன. அண்ணி அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பட்டறையில் நின்றார். விட்டுவிட்டுப் போங்கள் என்றால் போகிறவர் இல்லை.

ரசமட்டம் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றி, ஒவ்வொரு மூலையாகப் பிரித்தார். பழைய ஷாக்குகளை அண்ணியிடம் காட்டினார். கையால் இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் நீண்டன, விட்டால் தொங்கின. ஒன்றில் எண்ணெய் கசிந்து மண் அப்பியிருந்தது. அண்ணி மருத்துவ அறிக்கை பார்க்கிற முகத்தோடு தலையாட்டினார்.

பின் வலது ஸ்பிரிங் கடைசியாக வந்தது. ரசமட்டம் அதைத் துணியால் துடைத்து, மற்ற மூன்றோடு வரிசையாக நிறுத்தினார். சுற்றுகளை எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார்.

"அந்த மூணுலயும் ஒம்பது சுத்து. இதுல எட்டு. கம்பியும் தடிமன். இது இந்த வண்டியோடதே இல்லக்கா. யாரு மாட்டினது?"

அண்ணிக்கு உடனே ஞாபகம் வந்தது. வராமல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆறு வருடத்துக்கு முன், வெளியூரில் ஒரு ரத்ததான முகாமுக்குப் போகிற வழியில், பள்ளத்தில் இறங்கி அந்த ஸ்பிரிங் உடைந்தது. சாலையோரப் பட்டறையில் வேறு ஏதோ வண்டியின் ஸ்பிரிங் ஒன்றே ஒன்று இருந்தது. ஒன்று மட்டும் போட்டால் சரிவராது என்று அந்தப் பட்டறைக்காரர் சொல்லத்தான் செய்தார். 'பரவால்ல, மாட்டுங்க, நேரமாச்சு' என்றவர் அண்ணி. திரும்பி வந்ததும் ஜோடியாக மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தார். வந்ததும் மறந்துவிட்டார்.

"பின்னால வலதுல ஒண்ணு மாத்தினா, முன்னால இடதுல ஏன் இறங்கணும்?" அண்ணியின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

ரசமட்டம் ஒரு முக்காலியை எட்டி உதைத்துத் தள்ளிவிட்டு, நாலு கால் ஸ்டூல் ஒன்றை இழுத்தார். ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தார்.

"உட்காருங்க. ஆடிப் பாருங்க. எந்தெந்தக் கால் தரையில நிக்குது?"

அண்ணி உட்கார்ந்து ஆடினார். அட்டை வைத்த காலும், அதற்கு எதிர்மூலைக் காலும்தான் பாரம் தாங்கின. மற்ற இரண்டும் பேருக்கு இருந்தன.

"அதேதான். பின் வலதுல தூக்கிவிட்டுட்டீங்க. எதிர்மூலை முன் இடது. ஆறு வருஷமா அந்த ஒரு மூலை கூடுதலா தாங்கித் தாங்கி அமுங்கிப்போச்சு. பக்கத்துல யாரு உட்கார்ந்தாலும், உட்காராட்டாலும் இதான் நடந்திருக்கும்."

"அண்ணியின் கண்களில் நீர்…"

(இல்லை. அண்ணி அழமாட்டார். அவருடைய அப்பா இறந்தபோதே, வந்தவர்களுக்கு நாற்காலி போதுமா என்று எண்ணிக்கொண்டிருந்தவர்.)

"அண்ணி வாய்விட்டுச் சிரித்தார்."

(அதுவும் இல்லை. எனக்கு வேண்டுமானால் அப்படி எழுத ஆசை.)

நடந்தது இவ்வளவுதான். அண்ணி ஸ்டூலை விட்டு எழுந்தார். பிறகு அந்த எட்டுச் சுற்று ஸ்பிரிங்கைக் காட்டி, "இத நான் எடுத்துக்கலாமா?" என்றார்.

"எதுக்குக்கா? மூணு கிலோ இருக்கும்."

"வேணும்."

ரசமட்டம் அதைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். அண்ணி தன் துணிப்பையில் போட்டுக்கொண்டார். எதற்கு என்று எனக்கும் புரியவில்லை. புரியாததையும் எழுதினால்தான் கதை நிஜம் மாதிரி இருக்கும் என்று எழுதிவைத்தேன்.

6

இப்போது ரசமட்டத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கதையே இதில்தான் நிற்கிறது.

ஸ்பிரிங், ஷாக் எல்லாம் மாட்டியாகிவிட்டது. வண்டி குழிக்கு மேல் நான்கு சக்கரத்திலும் நின்றது. ஆனால் சக்கரங்களைத் தாங்குகிற இரும்புக் கைகளில், புஷ் என்கிற ரப்பர் வளையங்கள் இருக்கிற இடத்தில், போல்ட்டுகளை அவர் இன்னும் இறுக்கவில்லை. விரலால் திருகிவிட்டதோடு சரி. வண்டி தூக்கி நிற்கும்போது இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். முறுக்கின ரப்பர் வண்டியைச் சரியான உயரத்தில் உட்கார விடாது, சீக்கிரம் கிழிந்தும் போகும். ஆகவே பாரம் இறங்கிய பிறகுதான் இறுக்க வேண்டும். இது எல்லாப் பட்டறைக்காரர்களுக்கும் தெரியும். ரசமட்டம் அதற்கும் ஒரு படி மேலே போவார். வெறும் வண்டியின் பாரம் போதாது அவருக்கு. வழக்கமாக யார் யார் அதில் போவார்களோ, அவர்கள் அவரவர் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்புறம்தான் ஸ்பேனரை எடுப்பார்.

குழிக்குள் இறங்கி நின்று கேட்டார்:

"பக்கத்து சீட்டுல வழக்கமா யாருக்கா உட்காருவாங்க?"

அண்ணி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். 

"நீங்க தனியாத்தான் போவீங்கன்னா தனி ஆளுக்கு இறுக்கிடறேன். ரெண்டு பேருன்னா ரெண்டு பேரும் உட்காரணும். மணல் மூட்டை வச்சும் பண்ணலாம். எத்தன கிலோன்னு சொல்லுங்க, கட்டி வச்சிடலாம்."

'தனியாத்தான்' என்று அண்ணியால் சொல்லியிருக்க முடியும். ஒரே சொல். அதைச் சொல்லிவிட்டால் வண்டியும் அதன்படி உட்கார்ந்துவிடும். அதை நினைத்ததும் அவருக்குத் தொண்டையை அடைத்தது. இரண்டு வருடமாகக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தது கோபம் இல்லை, அவள் இல்லாத குறை என்று அந்தக் குழிக்கு மேல் உட்கார்ந்திருக்கும்போதுதான் தெரிந்தது.

"மூட்டை வேண்டாம்" என்றார். "என் நாத்தனார் நம்பர் தரேன். எவ்வளவு எடைன்னு நீங்களே கேளுங்க."

7

வாசகரே, என்னிடம் ஸ்கூட்டர் கிடையாது.

சக்கரத்தில் காற்று இறங்கவில்லை, டயர் மேல் நான் உட்காரவில்லை, எதையும் ஒட்டுக்கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அச்சகத்தில் என் போன் அடித்தது. தெரியாத எண். எடுத்தேன்.

"மேடம், நீங்க எத்தன கிலோ இருப்பீங்க?"

இதுதான் இந்தக் கதையின் உண்மையான தொடக்கம். நாலாம் பகுதியில் வருகிற அந்தப் பொறுமைசாலியான, களையான முகமுடைய நாத்தனார் நான்தான். நீங்கள் முன்பே கண்டுபிடித்திருந்தால், சொல்லாமல் இருந்ததற்கு நன்றி.

"யாருங்க நீங்க? எதுக்குக் கேக்கறீங்க?" என்றேன்.

"வண்டிக்கு மேடம்."

அவருக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. இரண்டு வருடத்துக்குப் பிறகு கேட்கிறேன், ஆனாலும் அரை நொடியில் தெரிந்துவிட்டது. "சொல்ல மாட்டா. அறுபத்தெட்டுன்னு போட்டுக்கங்க. கூடியிருந்தா எழுபது."

போனை வைத்துவிட்டேன்.

எழுபதாம். அந்த சிக்னலில் இறங்கிய நாளிலிருந்து நான் மாடிப்படி ஏறும்போதெல்லாம் என் எடையை நினைத்துக்கொண்டுதான் ஏறினேன். ஆட்டோவில் ஏறினால் அது ஒரு பக்கம் சாய்கிறதா என்று பார்ப்பேன். ஒவ்வொரு ஞாயிறும் மருந்துக்கடை எடைக்கருவியில் ஏறி நின்றேன். இப்போது அறுபத்துநாலு. யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். ஒரு கார் சாய்ந்ததற்கு நான்தான் காரணம் என்று இரண்டு வருடம் முழுதாக நம்பியிருந்தேன். எனக்கு அது அவமானமாக இருந்தது.

மறுநாள் புதன்கிழமை சாயங்காலம் ரசமட்டமே திரும்பக் கூப்பிட்டார். அரை மணி நேரம் பேசினார். மூன்றாம், ஐந்தாம் பகுதிகள் முழுக்க அவர் சொன்னது. ஆறாம் பகுதியில் அண்ணிக்குத் தொண்டை அடைத்தது மட்டும் என் சொந்தச் சரக்கு. அவர் அதைப் பார்த்திருக்க முடியாது, குழிக்குள் இருந்தார்.

"அக்கா எதையும் சொல்லச் சொல்லல மேடம். நான் சொன்னேன்னும் சொல்லிடாதீங்க. வண்டி குழி மேலயேதான் நிக்குது. மூட்டை வைக்க விடமாட்டேங்கறாங்க, தனியாவும் இறுக்க விடமாட்டேங்கறாங்க. சனிக்கிழம எனக்குக் குழி வேணும். அன்னைக்குக் காலைல யாரு உட்கார்ந்திருக்காங்களோ, அவங்களுக்கு இறுக்கிடுவேன். வேற வழியில்ல."

8

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. சனிக்கிழமை. மணல் மூட்டை. ரசமட்டம் அதற்கு சீட் பெல்ட்டும் மாட்டுகிறார். அண்ணி மூட்டையைப் பார்த்து, 'இது எதிர்த்துப் பேசாது' என்கிறார். (அண்ணி இப்படித்தான் பேசுவார். ஆனால் மூட்டைக்குச் சம்மதிக்கவில்லையே. அந்த ஒன்று இடிக்கிறது.)

இரண்டாவது முடிவு. எனக்குப் பதிலாக அண்ணன் வந்து முன் சீட்டில் உட்கார்கிறார். எண்பத்தொரு கிலோ. ரசமட்டம் இறுக்கி முடிப்பதற்குள் தூங்கிவிடுகிறார். (சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது என் சீட்.)

மூன்றாவது முடிவு. நான் பட்டறைக்குப் போகிறேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, 'தப்பு என்மேலதான், மன்னிச்சுக்க' என்று…

(யார் இந்தப் பெண்மணி? எனக்கு இவரைத் தெரியாது. என் அண்ணி வாயால் மன்னிப்புக் கேட்டதை நான் பார்த்ததில்லை. ஒருமுறை என் புடவையில் அயர்ன் பாக்ஸை வைத்துப் பொசுக்கிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் அந்த ஓட்டையை மேசைமேல் விரித்து எனக்குக் காட்டினார். அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம் என்று அண்ணன் அன்றைக்கு ஆச்சரியப்பட்டார்.)

நான்காவது முடிவு எழுதுவதற்கு முன்னால் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

கார் பட்டறையில் நிற்பதால் புதன்கிழமையிலிருந்து அண்ணி பேருந்தில் போகிறார். காலை எட்டு பத்து வண்டி. நான் போகிற அதே வண்டி. எனக்கு அடுத்த நிறுத்தத்தில் ஏறுகிறார். புதன்கிழமை ஏறினார், என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாக ஒரு மின்கம்பத்தைப் பார்த்தேன். அப்போது எழுபது கிலோ கோபம் இருந்தது, மன்னித்துவிடலாம். வியாழக்கிழமை, அதாவது நேற்று, எல்லாம் தெரிந்த பிறகு, என் பக்கத்து சீட் காலியாக இருந்தது. அண்ணி படியில் ஏறுவதைப் பார்த்தேன். என் மடியிலிருந்த பையை எடுத்து அந்த சீட்டில் வைத்தேன்.

ஆமாம், வைத்தேன். அவராகச் சொல்லட்டும் என்றுதான் வைத்தேன். ஸ்பிரிங் கதையை மூன்றாம் மனிதர் சொல்லித்தானா நான் தெரிந்துகொள்ள வேண்டும்?

அண்ணி பையைப் பார்த்தார். முன்னால் போய்க் கம்பியைப் பிடித்து நின்றார். ஏழு நிறுத்தம் நின்றார். அவருக்குப் பேருந்தில் நிற்கத் தெரியவில்லை. முப்பது வருடம் தானே ஓட்டிப் பழகியவர், வண்டி எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று தெரியாமல் ஒவ்வொரு வளைவிலும் தடுமாறினார். இன்னொரு கையில் ஒரு துணிப்பை. அதையும் விடவில்லை, கம்பியையும் விடவில்லை.

9

இன்று வெள்ளிக்கிழமை. ராத்திரி முழுக்க எழுதியதை இந்த எட்டு பத்து வண்டியில் உட்கார்ந்துதான் முடித்துக்கொண்டிருக்கிறேன், பிழைதிருத்திய தாள்களின் பின்பக்கத்தில். எழுத்து கோணலாக இருந்தால் இந்தப் பேருந்தின் ஷாக்கைக் கேளுங்கள். ஐந்து தடவைக்குக் குறையாமல் ஆடுகிறது.

அடுத்த நிறுத்தம் தெரிகிறது. அண்ணி நிற்கிறார். தோளில் வழக்கமான கைப்பை. இடது கையில் அந்தத் துணிப்பை. என்ன பாரமோ, அவரை ஒரு பக்கமாக இழுக்கிறது. என் அண்ணி இடது பக்கம் சாய்ந்து நிற்கிறார்.

மூணு கிலோ இருக்கும்.

இப்போதுதான் புரிகிறது. நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரும்புக்கடையில் போடுவதாக இருந்தால் செவ்வாய்க்கிழமையே போட்டிருப்பார். மூன்று நாளாக அதைத் தூக்கிக்கொண்டு இந்தப் பேருந்தில் ஏறுகிறார். நேற்று ஏழு நிறுத்தம் நின்றதும் அதோடுதான். என் பக்கத்தில் உட்கார்ந்து, செய்தித்தாளைப் பிரித்து, அந்த ஸ்பிரிங்கை என் மடியில் வைக்கத்தான். அதற்கு ஓர் இடம் வேண்டாமா? அந்த இடத்தில் நான் என் பையை வைத்தேன்.

நான்காவது முடிவை நீங்கள்தான் எழுத வேண்டும். நாளை காலை அந்தக் குழிக்கு மேல் யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் முதலில் பேசினார்கள், அறுபத்துநாலு என்பதை நம்பினார்களா என்பதெல்லாம் உங்கள் இஷ்டம். என்னை மட்டும் கொஞ்சம் நல்லவளாக எழுதுங்கள், தகுதியில்லாவிட்டாலும். எனக்கு நேரமில்லை. பேருந்து நிற்கிறது. பை இன்றைக்கும் பக்கத்து சீட்டில்தான் இருக்கிறது. ஒரு கையில் தாள்கள், இன்னொரு கையில் பேனா. பையை எடுக்க ஒரு கை வேண்டும்.